கையில் என்ன இருந்தது?

ஜனவரி 24, செவ்வாய்

இன்று மூன்று சாவு, இரண்டு கல்யாணம். சாவுக்கு மலர் வளையம், கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்பவர் தரும் பரிசு. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'அன்புடன், உங்கள் அட்டர்னி டெல்ஃபின் தும்பாகா'. வக்கீலாக இருந்தவர் பிரதிநிதிகள் சபைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊரில் இன்னும் அவர் அட்டர்னிதான். சட்டம் எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்று மணிலாவுக்கு வந்தேன். ரிப்பனுக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாஞ்ஜி மேம்தான் அலுவலகத்தை நடத்துகிறவர். "சனிக்கிழமை கழிச்சு அடுத்த சனி உங்க ஊர்லதான் கூட்டம், மரிஃபே. வாய்க்கால் விஷயம். நீ போய் நில்லு. உன் மூஞ்சியப் பார்த்தா வருவாங்க."

பிப்ரவரி 4, சனி. மாலிங்கின்

தேவாலயக் கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அட்டர்னி வாய்க்கால் பற்றி ஐந்து நிமிடம் பேசினார், இருபது நிமிடம் சிரிக்க வைத்தார். பிறகு எல்லோருக்கும் பன்சித் நூடுல்ஸ், குளிர்பானம்.

வருகைப் பதிவுத் தாளோடு வரிசை வரிசையாகப் போனேன். எங்கள் ஊரில் மருந்து வாங்கினாலும் கையெழுத்து, அரிசி வாங்கினாலும் கையெழுத்து. யாரும் தலைப்பைப் பார்ப்பதில்லை. அப்பா பன்சித் தின்ற கையோடு போட்டார். தாளில் எண்ணெய் விரல் பதிந்துவிட்டது.

"பட்டதாரியம்மா நீட்டினா போடாம இருக்க முடியுமா?" என்றார் பக்கத்து வீட்டு தெரெசிங் அக்கா. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

பிப்ரவரி 20, திங்கள்

அட்டர்னியின் புது மசோதாவை நகல் எடுக்கச் சொன்னார்கள். மாலிங்கின் கடற்கரையும் அதன் பின்னால் உள்ள வயல்களும் இனி சுற்றுலா மண்டலம். ஒன்பதாம் பிரிவு: அந்த நிலங்களுக்கு நிலச் சீர்திருத்தப் பாதுகாப்பு கிடையாது. அதாவது உழுகிறவரை வெளியேற்றலாம். ஒன்றரை வரிதான். அப்பாவின் வயல் அந்த ஒன்றரை வரிக்குள் இருக்கிறது.

பின்னிணைப்பு: 'சம்மதம் தெரிவித்த குடியிருப்போர்'. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முகப்புத் தாள் மட்டும் புதுசு. மற்ற தாள்கள் என்னுடையவை. ஓரத்தில் என் கையால் போட்ட எண்கள். முப்பத்தேழுக்குப் பக்கத்தில் எண்ணெய் விரல்.

இருபத்தைந்து பிரதி எடுத்தேன். எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்?

பிப்ரவரி 21

வேலை ஓடவில்லை. பதினோரு வருடத்துக்கு முந்தைய நீதிமன்றம்தான் கண்ணில் நிற்கிறது. கரும்புக் கம்பெனி ஒரு தாளைக் காட்டி, நிலத்தை விட்டுத்தர இவர்களே சம்மதித்தார்கள் என்றது. புயலுக்குப் பிறகு அரிசி வாங்கியபோது போட்ட கையெழுத்துகள் அவை. அட்டர்னி அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, கூண்டில் நின்ற அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டப்ப உங்க கையில என்ன இருந்தது?"

"அரிசிப் பை, அட்டர்னி."

நீதிபதிகூடச் சிரித்தார். வழக்கு ஜெயித்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. படித்தால் இவரைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

தெரியாமல் செய்தார் என்று சொல்லவும் வழியில்லை. இந்த வித்தையை உடைத்தவரே இவர்தான்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

கேட்டுவிட்டேன். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு உட்கார்ந்திருந்தார்.

"யாராவது கள்ளக் கையெழுத்துப் போட்டாங்களா, மரிஃபே?"

"இல்ல, அட்டர்னி. ஆனா அது வருகை..."

"வந்தாங்கள்ல? கேட்டாங்கள்ல? எதிர்ப்புச் சொன்னாங்களா? அன்னிக்கு நான் உங்க ஊருக்கு வக்கீல். இன்னிக்கு மாவட்டத்துக்கே. ஹோட்டல் வந்தா முதல் வேலை உனக்குத்தான்." சிரித்தார்.

நான் என்ன சொன்னேன்? "சரி, அட்டர்னி." சரியாம். என் நாக்கை அறுத்துப் போடலாம்.

வெளியே வாஞ்ஜி மேம்: "உன்னைப் படிக்க வெச்சது யாரு? கொஞ்சமாவது நன்றி வேணாமா?"

அட்டர்னிதான் படிக்க வைத்தார். படித்தேன். ஒன்பதாம் பிரிவையும் படித்தேன்.

பிப்ரவரி 25, சனி. மாலிங்கின்

பின்னிணைப்பின் பிரதியை அப்பாவிடம் காட்டினேன். தன் எண்ணெய் விரல் அடையாளத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"வேற எவன் நீட்டியிருந்தாலும் படிச்சிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 26

சாப்பிடவில்லை. அவர்மேல் கோபமா, என்மேலா? ரெண்டு பேர் மேலயும். என் மூஞ்சியத்தானே தூண்டிலில் மாட்டினாங்க.

மார்ச் 7, செவ்வாய்

மசோதா மீது குழு விசாரணை. ஊரிலிருந்து இருபத்துமூன்று பேர் ஜீப்னி வண்டியில் வந்து இறங்கினார்கள். வாசலில் காவலர் பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். யாரும் பேனாவைத் தொடவில்லை.

"மேல என்ன எழுதியிருக்கு?" என்றார் தெரெசிங் அக்கா.

"ஒண்ணும் இல்ல பாட்டி. சும்மா போடுங்க."

"சும்மா போட்டுத்தான் இங்க வந்து நிக்கிறோம். 'வாசலில் நுழைய மட்டும்'னு எழுது. பாட்டி உன் வீட்ல இருப்பா."

காவலர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத வைத்தார்கள்.

உள்ளே அட்டர்னிக்குப் பின் வரிசையில் என் இடம். குழுத் தலைவர் பின்னிணைப்பைப் புரட்டிக்கொண்டே, "இந்தக் கையெழுத்துகளை யார் வாங்கினது?" என்று கேட்டார். அவர் கேட்டது சும்மா வழக்கத்துக்குத்தான். வாஞ்ஜி மேம் திரும்பி என் முழங்காலை அழுத்தினார்.

எழுந்தேன். கல்லூரியில்கூட நான் கை தூக்கியதில்லை.

"நான்தான். நான் நீட்டினது வருகைப் பதிவு. கூட்டம் வாய்க்காலுக்கு. முகப்புத் தாள் பிறகு வெச்சது."

அப்பா பேச அனுமதி கேட்டார். குழுவைப் பார்க்காமல் அட்டர்னியைப் பார்த்தார்.

"கையில என்ன இருந்ததுன்னு கேளுங்க, அட்டர்னி. நீங்கதான் நல்லாக் கேப்பீங்க."

அட்டர்னி தன் மைக்கை அணைத்தார்.

"பன்சித்" என்றார் அப்பா.

மார்ச் 8

என் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

மார்ச் 15, புதன்

அட்டர்னியே மசோதாவைத் திரும்பப் பெற்றுவிட்டார். வானொலியில் பேட்டி: "என் விவசாயிகளின் குரலைக் கேட்டேன். அவர்களுக்காகத்தான் அரசியலுக்கே வந்தேன்." குரல் தழுதழுத்தது. பொய் மாட்டினாலும் அதையும் மாலையாக்கிப் போட்டுக்கொள்கிறாரே, இந்த மனுஷன்.

ஏப்ரல் 1, சனி. மாலிங்கின்

அறுவடை. நேற்று ஊர் முனையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேனர் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் முகம், கீழே 'நிலத்தைக் காத்த நம் அட்டர்னி'. பச்சைக் கரை. ரிப்பனுக்கு என்று அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

அப்பா காலையில் அதை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "நல்ல கெட்டி." வீட்டு முன்னால் முகம் தரையில் படும்படி விரித்து, ஈர நெல்லைக் கொட்டினார்.

"குப்புறப் போட்டா மூச்சு முட்டாதா?" என்றார் தெரெசிங் அக்கா.

"மண்ணைப் பார்க்கட்டும்."

நெல்லைக் கிளறிவிடுவது என் வேலை. மதியம் வரை வெறுங்காலால் தள்ளிக்கொண்டிருந்தேன். மூக்கு இருக்கும் இடம் எதுவென்று தெரியும். அங்கே மட்டும் கொஞ்சம் அழுத்தி.