ஃப்ரேமில் தெரிந்தது மட்டும்

இன்று காலை வேலைக்கு உட்கார்ந்ததும் நாலாவதாக வந்த வீடியோவில் ஒரு பஸ் இருந்தது. எந்த ஊர் பஸ்ஸோ, சிவப்பு நிறம், மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பக்கப் படியில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கால் தரையைத் தொடுவதற்குள் எட்டு நொடி முடிந்து திரை கறுத்துவிடுகிறது. கீழே ஒரு கட்டம். அதில் நான் ஒரே ஒரு ஆங்கில வாக்கியம் எழுத வேண்டும். யார், எதிலிருந்து, எங்கே, எப்படி நகர்கிறார் என்று. ஆறு வருஷமாக நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய அதே மாதிரி வாக்கியம்தான். விரல் ஓடவில்லையடி. அந்த வீடியோவை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, மேசை இழுப்பறையில் இருந்த உன் நீளநோட்டை வெளியே எடுத்தேன். உன் தலைவலித் தைல வாசனை இன்னும் போகவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்குத் தர்மபுரி கோர்ட்டில் நான் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டும். நீ பஸ்ஸிலிருந்து எப்படிக் கீழே வந்தாய் என்று சொல்ல வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் இந்த உரக்கடை மாடிக்கு நாம் முதல் முதலாக வந்த வாரம் நினைவிருக்கிறதா? சத்தமில்லாத குட்டி வீடியோக்கள், அதற்கு நம் இங்கிலீஷ். இதை வைத்து எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் பார்க்கக் கற்றுக்கொள்ளுமாம். "நமக்கே தெரியல, நாம போயி அதுக்கு வாத்தியாரா?" என்று சிரித்தாய். முதல் நாள் எழுதியதில் பாதி சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. எல்லாமே இறங்குகிற வீடியோக்கள். நமக்கு பஸ்ஸானாலும் கார் ஆனாலும் ஏணியானாலும் கிணறானாலும் 'இறங்கு' என்ற ஒரே சொல் போதும். அங்கே அப்படி இல்லை. பஸ் என்றால் கெட் ஆஃப், கார் என்றால் கெட் அவுட் ஆஃப், ஏணி என்றால் க்ளைம்ப் டவுன். "பஸ்ஸுக்கு உள்ளதான உக்காந்துக்கினு வரோம்? அப்புறம் என்னா ஆஃபு?" என்று ஸ்கிரீனோடு சண்டை போட்டாய்.

நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். நீதான் ஒரு வாரம் போனதும் கண்டுபிடித்தாய். வினைச்சொல்லுக்குத் தலை என்றும், பின்னால் ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொல்லுக்கு வால் என்றும் பேர் வைத்தாய். எப்படிப் போகிறான் என்பதைத் தலை சொல்லும், எங்கே போகிறான் என்பதை வால் சொல்லும். நாம் 'ஓடி உள்ளே நுழைந்தான்' என்று இரண்டு வினை வைப்போம். அவர்கள் ரன் என்று தொடங்கி இன்டூ என்று ஒரு வாலைச் செருகி முடித்துவிடுவார்கள். "நின்னுக்கினு போறதா இருந்தா ஆன், குனிஞ்சு ஏறுறதா இருந்தா இன். அவ்ளோதான்டி" என்றாய். பஸ்ஸில் நிற்கலாம், அதனால் ஏற ஆன், இறங்க ஆஃப்; காரில் நிற்க முடியாது, அதனால் ஏற இன், இறங்க அவுட். எந்தப் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு சிவப்புக் கோடு குறைந்துவிட்டது.

இதைச் சோதிக்கத்தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினோம்? ஏறினோம் என்ன, நீ ஏறவே கால் மணி நேரம் ஆனது. ஒரு காலைத் தூக்கி, தண்ணீரைப் பார்த்து, திரும்பக் கரையில் வைத்து, மறுபடி தூக்கி. "அம்மா, நடுவுல வைங்க, ஒண்ணும் ஆவாது. நா புடிச்சிக்கினுதான இருக்கறன்" என்று பரிசல்காரர் கெஞ்சினார். உள்ளே உட்கார்ந்ததும் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நிக்க முடியாது, அதனால இதுக்கு இன்தான்" என்று கண்ணை மூடியபடியே சொன்னாய். பரிசல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

நீ அப்படிப்பட்டவள். பார்த்துத்தான் கால் வைப்பாய். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்கூட வண்டி முழுசாக நிற்காமல் சீட்டை விட்டு எழமாட்டாய். கண்டக்டர்களுக்கே அது தெரியும். "இந்த அக்காவுக்குத் தனியா ஒரு தபா நிறுத்தணும்" என்பார்கள். நான் அதற்கு நேர் எதிர். மாடு கறக்கும் அவசரத்தில், நாம் இறங்கும் பிரிவு ரோட்டுக்கு இரண்டு வளைவு இருக்கும்போதே எழுந்து முன்னால் போய்விடுவேன். "வண்டி நிக்கட்டும் இருடி, மாடு எங்கயும் போயிடாது" என்பாய்.

இன்னொன்று. ஒரு வீடியோவில் ஒரு ஆள் மேட்டிலிருந்து தாவுவான். கிணற்றுக்குள் குதித்தான் என்று எழுதினாய். கிணறு படத்தில் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். "கெணறு இல்லாம எங்க குதிச்சான், ஆகாசத்துலயா?" என்று அன்று முழுக்கக் கத்தினாய். மறுநாள் அமைதியாக வந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினாய்: ஃப்ரேமில் தெரிந்தது மட்டும். அதன் பிறகு நான் எதையாவது ஊகித்து எழுதினால் என் கையில் பட்டென்று ஒரு அடி விழும். "நீ பாத்தியா? பாக்கலன்னா எழுதாத."

அந்தச் சாயங்காலம் தூறல். சொசைட்டிக்குப் பால் ஊற்ற நேரமாகிவிட்டதென்று எனக்கு அவசரம். வழக்கம்போல நான் முன்னால் போனேன். அன்றைக்கு உன்னையும் சும்மா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து, "வாடி சீக்கிரம், என்னிக்கும் உனக்காக நிக்கணுமா?" என்று கேட்டேன். நீ முனகிக்கொண்டே பின்னால் வந்தாய். வண்டி மெதுவானது, நிற்கவில்லை. நான் இறங்கி, அதன் கூடவே நாலு எட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். நீ கீழ்ப்படியில், வலது கையில் கம்பி, தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "வாடி" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு, குடையை விரிக்கத் திரும்பிக்கொண்டேன். கிளம்பச் சொல்லும் இரண்டு விசில் கேட்டது. வண்டி உறுமியது. பிறகு ஒரு சத்தம்.

நான் திரும்பியபோது நீ தார்ரோட்டில் கிடந்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது உன் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். சட்டையெல்லாம் உன் ரத்தம். "வண்டி நின்னுச்சாம்மா?" என்றார் போலீஸ்காரர். "நின்னுச்சுங்க சார். நின்ன அப்புறம்தான் நா எறங்கனன்" என்றேன். ஏன் சொன்னேன்? ஓடுகிற வண்டியிலிருந்து நான் இறங்கினேன் என்றால், உன்னை அங்கே கூட்டி வந்தது யார் என்று அடுத்த கேள்வி வருமே! அந்த ஒரு பயத்தில், பாவி நான், பொய் சொன்னேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தப் பொய்யைத்தான் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றது, ஒருத்தி ஒழுங்காக இறங்கினாள், மற்றவள் இறங்காமல் இருந்துவிட்டு வண்டி கிளம்பியதும் தானே குதித்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முந்தாநாள் உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்து வாசலிலேயே நின்றார். "அவ குதிச்சாளாங்க அக்கா? ஊரெல்லாம் அப்பிடித்தான் பேசறாங்க. வூட்ல ஏதாச்சும் சண்டையான்னு கேக்கறாங்க" என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நேற்று, உன் வீட்டுக்காரர் பஸ்காரர்கள் மேல் போட்ட கேஸில் நம் தரப்பு வக்கீலைப் பார்த்தேன். என் சாட்சியத்தை இங்கிலீஷில் அடித்து வைத்திருந்தார். "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

"இங்கிலீஷ் படிப்பீங்களா?" என்றார்.

"வேலையே அதாங்க சார்."

வண்டி சட்டென்று கிளம்பியதால் நீ விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று இருந்தது. ஃபெல் ஆஃப். பக்கத்துக் காகிதத்தில் கண்டக்டர் சொன்னது, ஜம்ப்டு ஆஃப். இரண்டு பேருக்கும் வால் ஒன்றுதான், தலைதான் வேறு. இரண்டு பேருமே ஃப்ரேமில் இல்லாததை எழுதியிருக்கிறார்கள். உன் நோட்டு என் கையில் இருந்திருந்தால் இரண்டுக்கும் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

"சார், அப்ப நா திரும்பி நின்னன். விழுந்தத நா பாக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, சாட்சின்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். பாத்தன்னு சொல்லலன்னா கேஸ் நிக்காது. அப்புறம் அவங்க குதிச்சதாவேதான் இருக்கும், பாத்துக்கங்க." நாளைக் காலையில் போடுகிறேன் என்று சொல்லி அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பார்த்தேன் என்று சொன்னால் உன்னைக் காப்பாற்றுகிற பொய். பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னால் என்னைக் காப்பாற்றுகிற பாதி உண்மை. காலையிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடிக்கொண்டிருந்தேன். உன் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 'பார்க்காததை எழுதாதே' என்று மட்டுமா சொன்னாய்? பார்த்ததை எழுது என்றுதானே ஆறு வருஷம் என் கையில் அடித்தாய்! நான் பார்த்ததும் கேட்டதும் நிறைய இருக்கிறது. வண்டி நிற்கவேயில்லை. நான் கூடவே ஓடினேன். நீ படியில் கம்பியைப் பிடித்து நின்றாய். நான் திரும்பியதும் இரண்டு விசில் காதில் விழுந்தது, அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். இதில் ஒன்றுகூட ஊகம் இல்லை. இத்தனை நாளாக நான் சொல்லாமல் விழுங்கியதும் இதைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் மாடி வெராந்தாவுக்குப் போய் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கோர்ட்டில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து அவர் இதைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

"தம்பி, வண்டி நிக்கலங்க. போலீஸ்ல நா பொய் சொல்லிட்டன். நான்தான் அவள இழுத்தாந்தன். நான்தான் வாடின்னன். அவ எப்பிடி விழுந்தான்னு நா பாக்கல. ஆனா அவ குதிக்கறவ மாதிரி நிக்கல. கீழ பாத்துக்கினு, கம்பியப் புடிச்சிக்கினு நின்னா."

அந்தப் பக்கம் டிராக்டர் எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கம்பியப் புடிச்சிக்கினுதான் நின்னாளா?"

"ஆமாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நாளைக்கி நீங்க பஸ்ஸுல போவ வேணாங்க அக்கா. நா வண்டி எடுத்தாரன்" என்றார். என்னை மன்னித்தாரா என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

நாளைக்குக் கண்டக்டர் தரப்பு வக்கீல் விடமாட்டார். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று கேட்பார். கேஸ் நிற்குமா விழுமா, அதுவும் தெரியாது. வக்கீலின் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் உன் நோட்டை வைத்திருக்கிறேன். கூண்டில் நிற்கும்போது தோளில் அது கனத்தால் போதும்.

திரும்ப வந்து உட்கார்ந்து, நிறுத்தி வைத்த வீடியோவை மறுபடி ஓட்டினேன். கட்டத்தில் கெட் ஆஃப் என்று வைக்கவில்லை. அவள் கால் தரையில் படுவதை நான் பார்க்கவில்லையே. 'ஓடும் பஸ்ஸின் படியில் ஒரு பெண் கம்பியைப் பிடித்து நிற்கிறாள்' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். நாளைக்கும் இதைத்தான் சொல்லப் போகிறேன். உன்னை வாடி என்று கூப்பிட்டது யார் என்பதையும் சேர்த்து.