மூச்சு நல்லா வுடுதா?

பங்காருபேட்டை
8 ஜூலை 2020

அன்புத் தங்கை ஷோபாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சுகிறது. அதனால் பால் வண்டி உமேஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த ஆஷா சுகாதாரப் பணியாளர் வேலையை விட்டுவிடம்மா. வீடு வீடாகப் போய்க் கொரோனாக் காய்ச்சல் பார்க்கிறவளைக் கண்டாலே ஜனம் பயப்படுகிறது. வேலையை விடும்வரை நீ நம் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்கிறார் உன் மாமா; கட்டியவர் பேச்சை நான் எப்படித் தட்டுவது? மளிகைக்கடைக்காரர் வீடு, நாலு பேர் வந்துபோகும் இடம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
கங்கம்மா


மாரிகுப்பம்
20 ஜூலை

அன்புள்ள அக்கா,

கோபம் இல்லை என்றால் பொய். இங்கேயும் நான் நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். பிரசவத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பவ்யாவுக்குக் காய்ச்சல் என்றதும், எதிர்வீட்டுச் சாம்ராஜ் எங்கள் லைன் வீட்டு வரிசையின் முனையில் முள் வெட்டிப்போட்டு வழியை அடைத்துவிட்டார். தங்கச் சுரங்கத்துத் தூசியில் நெஞ்சு கெட்ட மனிதர். அவர் பயம் எனக்குப் புரிந்தது.

போன வாரம் பவ்யாவுக்குத் திடீரென்று வலி கண்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. முகக்கவசத்தோடு மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். நர்ஸ் போனில் சொல்லச் சொல்லப் பிள்ளையைக் கையில் ஏந்தினேன். குழந்தை அழவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழுதது பார், அக்கா! லைன் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தானே. அந்தக் கையளவு நெஞ்சிலிருந்து கிளம்பிய குரல் கடைசி வீடுவரைக்கும் போனது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

சாம்ராஜ் அவர் வாசலிலிருந்தே கேட்டார்: "இன்னா கொழந்தம்மா?"

"பொண்ணுங்க."

"மூச்சு நல்லா வுடுதா?"

"நல்லா வுடுதுங்க."

மூச்சு இளைக்க நடந்துபோனவர், வெறுங்கையால் முள்ளை இழுத்தார். "வண்டி வரணும், வாங்கப்பா!" என்றார். லைனே திரண்டு வந்துவிட்டது.

தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் சுகம். என்னையும் பரிசோதித்தார்கள், தொற்று இல்லை. வேலையை விடமாட்டேன்.

ஷோபா


பங்காருபேட்டை
21 ஜூலை

ஷோபா,

குழந்தை அழாத இடத்தைப் படித்தபோது எனக்கும் மூச்சு நின்றுதான் வந்தது.

மாமாவுக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல், இருமல். கடையை மூடிவிடுவார்கள், தெருவே ஒதுக்கிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறோம். போனில் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். உன் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவள வரச் சொல்லு" என்றார்.

உமேஷை வாசலிலேயே நிற்கவைத்து எழுதுகிறேன். அவன் வண்டியிலேயே வந்துவிடு.

கங்கம்மா