ரம்பத்து மூடியில் வந்த டீ

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்த வெளிநாட்டில் முழு நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று அத்தான் வேலை செய்கிற மரப்பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி, அத்தான், பாலிஷ் போடும் பெரியம்மா, தொழிலாளர் பாதுகாப்பைச் சோதிக்க வந்த அதிகாரி அம்மா, சாப்பாட்டுத் தூக்குடன் போன நான். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. கணக்கில் உன் அக்கா எப்படி என்று உனக்குத் தெரியும். நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். ஆனால் சிரிக்க வைக்க மட்டும் எழுதவில்லை. அங்கே நீ ஓட்டுகிற ரம்பத்துக்கும் மூடி இல்லை, கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று போன மாதம் எழுதினாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தான் ஓட்டுகிற ரம்பத்தின் மேல், விரல் போகாமல் தடுக்க ஒரு தகர மூடி இருக்க வேண்டும். தடித்த கட்டை வந்தால் இடிக்கிறது என்று அதைக் கழற்றிப் பல காலம் ஆயிற்று. அதிகாரி அம்மா உள்ளே வந்ததும் மூடி எங்கே என்றுதான் கேட்டார். முதலாளி கூசாமல், வாங்கும்போதே அது வரவில்லை அம்மா, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா டீ கொண்டு வந்தார். எதில் என்கிறாய்? அந்த மூடியில்தான்! நிமிர்த்தி வைத்தால் நல்ல விளிம்புள்ள தட்டு, கிளாஸ் வழுக்காது என்று எடுத்துக்கொண்டாராம். சும்மாவும் விடவில்லை, முகம் பார்க்கிற மாதிரி தேய்த்துப் பாலிஷ் வேறு போட்டிருந்தார். போல்ட் ஓட்டை வழியாக அதிகாரி அம்மாவின் கோப்பில் டீ சொட்டியது. அவர் தட்டைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார், அந்த ஓட்டைக்கு இந்த ஓட்டை அச்சாகப் பொருந்துகிறதே என்றார். தன் தட்டைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்த பெரியம்மா, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா கண்ணு என்று கேட்டாரே பார்க்கலாம்! நான் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன்.

என் சிரிப்பு அதோடு நின்றது. முதலாளி, கழற்றியவன் இவன், என்னை ஏன் பிடிக்கிறீர்கள் என்று அத்தானைக் காட்டிவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அதிகாரி அம்மா குரலை உயர்த்தவே இல்லை. யார் கழற்றினாலும், மூடி இல்லாமல் ரம்பம் ஓடாதபடி பார்த்துக்கொள்வது முதலாளி பொறுப்பு, அதை வேலை செய்கிறவர் தலையில் கட்டாதீர்கள் என்றார். மாட்டும் வரை ஓட்டக் கூடாது, அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கவும் கூடாது, இதற்காக யாரையாவது வேலையை விட்டு எடுத்தால் மறுபடி வருவேன், அப்போது டீ குடிக்க மாட்டேன் என்றார். கட்டையின் தடிப்புக்குத் தக்கபடி மூடியை உயர்த்தவும் இறக்கவும் பக்கத்திலேயே ஒரு திருகு இருப்பதையும் காட்டினார். இத்தனை காலம் அது எவர் கண்ணிலும் படவில்லை! கடைசியில் முதலாளியே மண்டி போட்டு மாட்டினார். போல்ட்டை அப்படியா திருகுவது, தள்ளுங்கள் என்று அத்தான் அவரை அதட்ட, முதலாளியும் சிரித்துவிட்டார். பெரியம்மாவுக்குத்தான் கோபம். புதுத் தட்டு வாங்கித் தந்த பிறகும், பழையதன் பளபளப்பு வருமா என்று முணுமுணுக்கிறார்.

அதிகாரி அம்மா கிளம்பும்போது, தூக்கும் கையுமாக ஓடி உன் விஷயத்தைக் கேட்டேன். பெரும்பாலான நாடுகளில் சட்டம் இதையே சொல்கிறது, மூடி கேட்பது உன் உரிமை, பணிந்து கெஞ்ச வேண்டியதில்லை என்றார். முதலில் உடன் வேலை செய்கிற ஒருவரை வைத்துக்கொண்டு முதலாளியிடம் சொல்லட்டும், கேட்காவிட்டால் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகட்டும், சொன்னது யார் என்று வெளியே விடாமல் விசாரிக்கும்படி கேட்கலாம் என்றார்.

அத்தானின் விரல்களைக் காலைப் பிரார்த்தனையில் ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுவேன். இன்று பத்தையும் மொத்தமாகச் சொல்லி முடித்துவிட்டேன், அடுப்பு வேலை சீக்கிரம் ஆயிற்று. உனக்குத்தான் இன்னும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும் தம்பி, நம் வீட்டில் உனக்கு இடம் இல்லையா? ஆண்டவன் உன் கூடவே நிற்கட்டும். முதலாளியிடம் பேசினாயா, என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா