இலையில் பதிந்த கட்டைவிரல்

அன்புள்ள மிசாவோ அக்காவுக்கு,

கிவா எழுதுகிறேன். நேற்றுக் காலை பெரிய கிபோஷிச் செடியின் ஓர் இலையில் கட்டைவிரல் அளவுக்கு நீலம் அழிந்து, பச்சை தெரிந்தது.

அந்த நீலம் வெறும் மாவுப் பூச்சு, தொட்டால் போய்விடும் என்று நீதானே சொன்னாய். களஞ்சியத்துக்கு வடக்கே, தேவதாரு நிழலில் நீ நட்டுவிட்டுப் போன செடிகளை இந்த மூன்று வருடமும் நான் காம்பைப் பிடித்துத்தான் விலக்குவேன். அந்தத் தடம் என் விரலைவிடப் பெரிது. செடிக்கு அடியில் கல்லைப் புரட்டினேன். உன் கடிதங்கள் இருந்த தகரப்பெட்டி காலி.

அப்பா கிணற்றடியில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு கொன்சோ மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அருவாளோட போனா நீகாட்டா ரயில்ல ஏத்த மாட்டாங்கண்ணே" என்று சிரித்தார். "துணில சுத்திக்கிட்டு ஊறுகாய்னு சொல்லிக்குறேன்" என்றார் அப்பா. மாமா இன்னும் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு அப்பா என் தலைமுடியைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துவந்தார். "பேசத்தான் வராது, ஒளிக்க நல்லா வருதுடி ஊமை. கல்யாணத்துக்கு மொத நாள் ஓடி என் மானத்த வாங்கினாளே ஒங்கக்கா, அவ கால வெட்டிட்டு வரேன்" என்றார். பேசிக்கொண்டே கிபோஷிகளை வெட்டினார். ஒரு செடியும் மிஞ்சவில்லை. நீகாட்டாவில் நீ வேலை பார்க்கும் ஆலையின் பெயர், விடுதி அறை எண் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னார். பத்தரை ரயிலுக்குக் கிளம்பத் திரும்பினார்.

மண்வெட்டியின் பின்பக்கத்தால் அவர் முட்டியில் அடித்தேன். பச்சை மூங்கில் பிளப்பதுபோல் சத்தம் வந்தது. விழுந்தவர் என் கணுக்காலைப் பிடித்தார். இன்னொரு முறை அதே இடத்தில் அடித்தேன். அப்போதுதான் விட்டார்.

கல் வழுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொல்கிறார். நான் அடித்தேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். எலும்பு கட்ட வந்தவர் இரண்டு மாதம் நடக்க முடியாது என்றார். இப்போது பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். கஞ்சி கொடுக்கும்போது என்னைப் பார்ப்பதில்லை.

அக்கா, இந்த வாரமே ஆலையை விட்டுப் போய்விடு. எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. புது முகவரியை யாருக்கும் சொல்லாதே. எனக்கும் எழுத வேண்டாம். அப்பா அடித்தால் நான் எழுதிக் காட்டிவிடுவேன்.

உன் தங்கை,
கிவா