கஜபதி வர்றேன்

ஆவடி
9-11-1987

அன்புள்ள பால்ராஜுக்கு,

ஜனவரி மாரத்தானுக்கு என் பேர் பதிவாகிவிட்டது. நம் ஃபாக்டரி விளையாட்டுப் பிரிவு கிளார்க் சனிக்கிழமை சீட்டைக் காட்டினார். நீ திருச்சித் தொழிற்சாலைக்கு மாற்றலாகிப் போனபின் இதுவரை ஒரே ஒரு கடிதம்தான் போட்டிருக்கிறாய். குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

நேற்று நீண்ட ஓட்டம். நம் பழைய வழிதான்: குவார்ட்டர்ஸிலிருந்து பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம், பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. போக வர இருபது மைல். பக்கத்தில் உன் சைக்கிளும் டைனமோ வெளிச்சமும் இல்லாமல் ஓடியது இதுதான் முதல் தடவை.

ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் தெருவில் இப்போது திருட்டு பயம். ஆண்கள் முறை வைத்துத் தடியோடு காவல் இருக்கிறார்கள். விடியாத நேரத்தில் ஒருவன் அரைக்கால் சட்டையோடு ஓடி வந்தால் சும்மா விடுவார்களா? முதுகில் ஒரு அடி விழுந்த பிறகுதான் கேள்வியே வந்தது. காவலுக்குத் தலைவர் சின்னசாமி என்பவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பத்து மைல் ஓடியாந்து, எதையும் எத்தாம சும்மா திரும்பிப் போவியா? எந்தத் திருடனும் இப்டி ஒரு பொய் சொல்ல மாட்டான். உட்றா அவன" என்றார்.

அங்கே ஆப்பக்கடை வைத்திருக்கும் முனியம்மாதான் ஒரு வழி சொன்னார். "ஓடிகினே பேரச் சொல்லிக் கூவு நைனா. நீதான்னு தெரிஞ்சிக்கறோம்." இனி அந்தத் தெரு வந்ததும் "கஜபதி வர்றேன்" என்று கத்திக்கொண்டு ஓட வேண்டும்.

வீடு வந்து சேர்ந்ததும் பட்டப்பகலில் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். பயந்துவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உன்
கஜபதி

திருச்சி
14-11-1987

மாமே,

கடிதம் புதன்கிழமை கிடைத்தது. கடிதம் போடாதது தப்புதான், திட்டிக்கொள்.

ஒன்று சொல்கிறேன். நான் டைனமோ போட்டுக்கொண்டு வந்தது உனக்கு வழி காட்ட இல்லை. பதுங்கிப் போகிறவன் வெளிச்சம் போட்டுக்கொண்டு வரமாட்டான் என்று ஊர்க்காரர்கள் புரிந்துகொள்ளட்டும் என்றுதான். எனக்கு அந்தக் கரையில் எப்போதும் பயம். சொன்னால் நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கம் போகாதே. ஃபாக்டரி மைதானத்தையே சுற்றிச் சுற்றி ஓடு. சலிப்பாக இருக்கும், ஆனால் உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள். கஸ்தூரிக்கு எழுதினாயா? உன் பிள்ளையைப் பெற்று அம்மா வீட்டில் இருப்பவளுக்கு இதை எழுதவேண்டாம்.

பால்ராஜ்

ஆவடி
30-11-1987

அன்புள்ள பால்ராஜ்,

நேற்று விடியுமுன் ஏரிக்கரைத் தெருவில் திருட்டு நடந்திருக்கிறது. தடுத்த வீட்டுக்காரருக்கு மண்டையில் அடி. பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறார். இன்று சாயங்காலம் சின்னசாமியே இரண்டு பேரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்து சொன்னார்.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. இரண்டு ஞாயிறு அந்த வழியாகவே ஓடினேன். கூவினால் இருட்டுக்குள்ளிருந்து "போ நைனா" என்று பதில் வரும். ஒரு கிழவர் "பஸ்ஸு ஓடலியா உங்க ஊர்ல?" என்று தினுசாகக் கேட்பார். அந்தக் குரல்கள் வந்தால் பயம் போய்விடும்.

இந்த ஞாயிறு நான் ஓடவில்லை. சனிக்கிழமை குழாயடிச் சேற்றில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். நான் ஓடாத ஞாயிறு என் பேர் ஓடியிருக்கிறது.

சின்னசாமி சொன்னது இது: "'கஜபதி வர்றேன்'னு கூவிகினே ஒருத்தன் போனான். நாங்களும் 'போ நைனா'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டோம். போலீசாண்ட இன்னும் உன் பேரச் சொல்லல. முனியம்மா வாணாம்னுச்சு. கால் வீக்கம் வடியட்டும், பதிமூணாந் தேதி ஞாயித்துக்கெயம வா. அதே நேரம், அதே இருட்டு. ஓடிகினே கூவு. அன்னிக்கி கேட்ட மூணு ஊட்டுக்காரங்களும் கேப்பாங்க. அந்தக் கொரல் இது இல்லன்னா நீ ஊட்டுக்குப் போ. ஆமான்னா..."

கூட வந்தவர்கள் என் வீங்கின காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடித் தப்பும்போது சுளுக்கியது என்று நினைத்திருப்பார்கள்.

கஜபதி

திருச்சி
4-12-1987

கஜபதி,

லீவு கேட்டிருக்கிறேன். பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை தெரியும். கிடைத்தால் சனி சாயங்காலம் ஆவடியில் இருப்பேன். சைக்கிள் வாடகைக்கு எடுத்து வை, டைனமோ இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. யாராவது கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகத்தான். அந்த ஞாயிறு நீ வீட்டிலேயேதான் இருந்தாயா?

பால்ராஜ்

ஆவடி
9-12-1987

பால்ராஜுக்கு,

அடிபட்டவர் கண் விழித்துவிட்டார், பேச்சு இன்னும் வரவில்லை. நேற்று முனியம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் கேள்விக்குப் பதில்: இருந்தேன். பார்த்தவர் யாரும் இல்லை. ஏரிக்கரைக்காரர்கள் இதை என்னிடம் கேட்கவில்லை. நீதான் கேட்டாய். கோபம் இல்லை. மூன்று வருஷம் என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தவனுக்கே சந்தேகம் வருமென்றால், இருட்டில் இரண்டே தடவை கேட்டவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நேற்று அறைக்குள் ஒருமுறை கூவிப் பார்த்தேன். எனக்கே என் குரல் மாதிரி இல்லை.

போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் அதுவே பதிலாகிவிடும்.

சைக்கிள் எடுக்கவில்லை. லீவு கிடைத்து வந்தாயானால் என் பக்கத்தில் வராதே. நேரே ஏரிக்கரைக்குப் போய் முனியம்மா கடையண்டை அந்த மூன்று வீட்டுக்காரர்களோடு நில். நான் கூவும்போது நீயும் கேள். அவர்கள் சொல்லும்போது நீயும் சொல்.

ஞாயிறு நாலு மணிக்குக் கிளம்புகிறேன். விடிவதற்குள் தெரிந்துவிடும்.

கஜபதி