சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற லாரிகள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை, அதைக் கேட்டாலும் நலம் என்றுதான் சொல்வார். நீ எந்தச் சாலையில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், எங்கள் நினைப்பெல்லாம் அதுதான். இதைப் போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறவளைக் குழப்ப மனம் வரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நிதானமாகப் படி.

நம் பின்சுவரை ஒட்டிய காலி மனையில் லாரிகள் தங்கும் இடம் வந்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா. முதலில் நாலைந்து வண்டிகள் நின்றன, யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு டீசல் பங்க் வைத்தார்கள், குளிர்சாதன லாரிகள் வர ஆரம்பித்தன. அவை நிற்கும்போதும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், அணைத்தால் சரக்கு கெட்டுப்போகுமாம். நம் பின்னறையில் நான் பார்த்துக்கொள்ளும் பொடிசுகளை மத்தியானம் தூங்கவைப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். கண் செருகும் நேரத்தில் பிரேக் புஸ்ஸென்று சீறும், ஒன்று அழுதால் அத்தனையும் அழும். டாக்டரம்மாவின் குழந்தைக்கு இன்னும் அம்மா என்றே சொல்ல வரவில்லை, அந்தப் புஸ்ஸை மட்டும் அச்சு அசலாகச் சொல்கிறது. அதைக் கேட்டுச் சிரித்தோம், ஆனால் தையல்கடைக்காரரின் பேத்திக்கு இருமல் நிற்கவேயில்லை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை, காலையில் துடைத்த தொட்டில் கம்பியில் சாயங்காலம் கரி.

வீடுகளுக்கு இவ்வளவு தூரத்துக்குள் லாரி நிறுத்தம் கூடாது என்று நகராட்சியில் விதி இருக்கிறதாம். பங்க் முதலாளி அந்தத் தூரத்தை டீசல் போடும் இடத்திலிருந்து அளந்து காட்டி அனுமதி வாங்கிவிட்டார், வண்டிகள் நிற்பதோ நம் சுவரோரம். தெருவே சேர்ந்து எதிர்த்து மனு கொடுத்தோம், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருச் சங்கத் தலைவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், "குழந்தைங்களை வச்சிருக்கிறவங்க பேசினாத்தான் எடுபடும்" என்று என்னையும் பேசச் சொன்னார்.

அவர்தான் முதலில் எழுந்தார். சத்தத்தைச் சொன்னார், புகையைச் சொன்னார், சரி. அதோடு விட்டிருக்கலாம். "இந்த லாரிக்காரங்க யாரு எவருன்னே தெரியாது, நம்ம வீட்டுப் பொம்பளைப் பிள்ளைங்க எப்படித் தெருவுல நடக்கிறது" என்றார், எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. பின்வரிசையில் இருந்த டிரைவர் ஒருவர், உன் சின்ன மாமா வயதிருக்கும், எழுந்து, "ஓட்டினது போதும், நிறுத்தித் தூங்குன்னு சட்டம் சொல்லுது, எங்க தூங்குறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. இருமலைச் சொன்னேன், மோட்டார் ஓடும் வண்டி குழந்தைகள் தூங்கும் சுவரோரம் நிற்கவே கூடாது என்றேன். பிறகு, "என் பொண்ணும் லாரிதான் ஓட்டுறா. இப்ப எங்க நிறுத்தியிருக்கான்னு எனக்குத் தெரியாது. இங்க வேண்டாம்னா, வேற எடத்தை நீங்கதான் காட்டணும்" என்றேன். நான் உட்கார்ந்ததும் அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். வெளியே வந்ததும் தலைவர், "உங்க பொண்ணை நான் சொல்லலம்மா" என்றார். அப்படியானால் யாருடைய பெண்ணைச் சொன்னீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

தூரத்தை நம் சுவரிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது, அந்த இடத்தை மூடிவிட்டார்கள். பொடிசுகள் தூங்குகின்றன, இருமலும் அடங்கிவிட்டது. மாற்று இடம் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள், நான் போய்க் கேட்கும்போதெல்லாம் அதே வார்த்தை. அதுவரைக்கும் லாரிகள் பெரிய சாலை வளைவில் ஓரமாக நிற்கின்றன. இறங்குகிறவர்களை உரசிக்கொண்டு கார்கள் பறக்கின்றன.

போன வாரம் காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். லாரி ஓட்டுகிறாளாம். "பாத்ரூம் போகணும்மா, மூணு வீட்டுல இல்லைன்னுட்டாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். துண்டு கொடுத்து, குளித்துவிட்டே போம்மா என்றேன். ஈரத் தலையோடு நின்றபடி டீ குடித்துக்கொண்டே, "முன்னாடி உங்க வீட்டுக்குப் பின்னாடிதாம்மா நிறுத்துவேன், பொம்பளைங்களுக்குன்னு தாழ்ப்பாள் வச்ச பாத்ரூம் ஒண்ணு இருந்துச்சு" என்றாள். எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடத்தை மூட வைத்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்லிவிட்டேன். அவள் கொடியில் காய்ந்த சின்னச் சின்னச் சட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பிள்ளைங்க இருக்கிற எடமாச்சேம்மா" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் போவதைப் பார்த்த தலைவர், "நாளைக்கு எல்லாரும் வந்து வரிசையா நிப்பாங்க" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "வரட்டும் சார், தண்ணி இருக்கு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அந்த முழங்காலோடு உட்கார்ந்து பின்பக்கக் குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் பொருத்தினார். மாற்று இடம் கேட்டு அடுத்த கூட்டத்துக்கு அந்த டிரைவர்களோடு போகப்போகிறேன், தெருவில் பாதிப் பேர் இப்போதே என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிறேன், எங்கே தூங்குகிறாய் என்று கேட்கத் தோன்றியதில்லை. வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து நிறுத்து, கதவைப் பூட்டிவிட்டுப் படு. அவசரம் என்றால் எந்த வீட்டு வாசலிலும் நின்று கேள், கூச்சப்படாதே. ஒரு வீட்டில் இல்லையென்றால் அடுத்த வீட்டில் கேள். கதவைத் திறக்க அங்கேயும் ஓர் அம்மா இருப்பாள்.

போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(அப்பா எழுதச் சொன்னது: கண் அசந்தால் ஓட்டாதே, சரக்கு தாமதமானால் ஆகட்டும்.)