எழுதாமல் விட்ட பிரசவங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். மாமாவுக்கு முட்டிவலி குறையவில்லை. மாத்திரை போடச் சொன்னால், நர்ஸைக் கட்டிக்கொண்டவனுக்கு எதற்கு மாத்திரை என்று கிண்டல் செய்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

உன் செய்தி கிடைத்தது. உன் ஆய்வை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதையும், அதே முறையில் இன்னும் நாற்பது சுகாதார நிலையங்களைப் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் மாமா இரண்டு முறை சத்தமாகப் படித்தார். மந்திரி முன்னால் நீ பேசும்போது நாங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். அந்த விழாவுக்கு நான் வரப்போவதில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

நம் நிலையத்தின் பிரசவ வார்டை மூடி மூன்று மாதம் ஆகிறது. மாதம் நாலு பிரசவம்தான் நடக்கிறது, மருந்தும் நிறையக் காலாவதியாகி வீணாகிறது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாம் என்று உன் ஆய்வறிக்கையில் எழுதியிருந்தாய். பத்துக்குக் குறைந்தால் மூடலாம் என்பது உன் கணக்கு. கணக்கில் தப்பில்லை. நீ சின்ன வயதிலேயே கணக்கில் புலி. தப்பு, நான் உன்னிடம் எடுத்துக் கொடுத்த ரிஜிஸ்டரில் இருந்தது.

நான் எழுதியது மாதம் நாலு. எழுதாதது ஒன்பது, சில மாதம் பத்து. எல்லாம் கல்குவாரிப் பெண்கள். அவர்களுடைய அடையாள அட்டைகளைக் குவாரிக் காண்டிராக்டர் வாங்கித் தன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். அட்டை எண் இல்லாமல் பெயரை எழுதினால் மேலிடத்திலிருந்து விசாரிக்க ஆள் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பெண்ணின் பெயரை எழுதினேன். ஒரே வாரத்தில் குவாரிக்கு அதிகாரி போனார். மறுநாள் அந்தக் குடும்பத்தையே காண்டிராக்டர் துரத்திவிட்டான். பச்சை உடம்புக்காரி, மூட்டையும் குழந்தையுமாக ரோட்டில் நடந்து போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர்களில் யாரையும் நான் எழுதவில்லை. பிரசவம் பார்ப்பேன், ஊசி போடுவேன், மருந்து கொடுப்பேன். குறையும் மருந்தைக் காலாவதிப் பட்டியலில் சேர்த்துச் சரிக்கட்டிவிடுவேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காதே என்று உறுத்தும். என்ன செய்ய, உயிரோடு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இதை ஒரு புண்ணியம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி.

நீ பதினொரு நாள் என் மேஜையில் உட்கார்ந்து ஐந்து வருட ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பல்கலைக்கழகத்துக்காரர் என் தம்பிதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பட்டம் அடித்தேன். ஒரு நாள் சிரிப்புக்காரி வந்தாள், ஞாபகம் இருக்கிறதா? வலி வந்தாலும் சிரிப்பாளே, அந்தக் குவாரிப் பெண். உன்னைப் பார்த்து, “என்ன தம்பி, எங்களையும் பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?” என்று கேட்டாள். அவள் போன பிறகு நீ என்னிடம், “இவங்க பேரு இதுல காணோமேக்கா?” என்று கேட்டாய். “சும்மா வந்துட்டுப் போறாங்கடா, நீ வேலையைப் பாரு” என்று சொன்னேன். சொன்னால் என் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி என்றால் அலமாரியில் தூங்கும் புத்தகம் என்றுதான் நினைத்தேன். அதை வைத்து வார்டை மூடுவார்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

உத்தரவு வந்ததும் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். தலைவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு உன் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, “உங்க தம்பி எழுதினதுதாம்மா. நாங்க சொந்தமா எதுவும் முடிவு பண்ணலையே. நீங்க சொல்றதுக்கு ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார். குவாரிக்குப் போய்ப் பெண்களைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தியும் வரவில்லை. எப்படி வருவார்கள்? பொய்க் கணக்கு எழுதியதாக எனக்கு நோட்டீஸ் வந்ததுதான் மிச்சம். உன் பெயர் கெடக் கூடாது என்று மாமா உன்னிடம் சொல்ல விடவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் இரண்டாவது தப்பு.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சிரிப்புக்காரிக்கு வலி வந்திருக்கிறது. நடுப்பகல். வார்டு பூட்டிக் கிடக்கிறது, நான் தடுப்பூசி முகாமுக்காகப் பக்கத்து ஊரில் இருந்தேன். ஜல்லி ஏற்றும் லாரியில் படுக்க வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பை சுருங்க ஒரு ஊசி, அடிவயிற்றை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஒரு கை, அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. கொண்டுவரும்போதே இறந்தவர்களை அங்கே பிரசவக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். குழந்தையும் மூன்றாம் நாள் போய்விட்டது. நீ அடுத்த வருடம் வந்து கணக்கெடுத்தாலும், வார்டை மூடியதால் ஒரு சாவும் இல்லை என்றுதான் வரும்.

உன் மேல் பழி போடவில்லை. இருந்ததைத்தான் நீ படித்தாய். ஆனால் நாற்பது இடம் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் போல் இரக்கப்பட்டு எழுதாமல் விட்டவள் அங்கேயும் இருப்பாள். மேடையில் ஏறும்போது இந்தக் கணக்கு தப்பு, என் அக்காவே தப்பாகக் கொடுத்தாள் என்று சொல்லிவிடு. என் வேலை போனால் போகட்டும். என் பெயரைச் சொல்.

சொன்னால் உன் வேலை நிரந்தரமாகாது என்று எனக்குத் தெரியும். ஒருவர் சொல்வதால் அச்சடித்த உத்தரவைத் திரும்ப வாங்க மாட்டார்கள் என்பதும் தெரியும். அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவள் நான். இந்தக் கடிதம் விழாவுக்கு முன்னால் உன் கைக்கு வருமா என்பதே சந்தேகம்தான். வந்தாலும், அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் உனக்கு வாய் வராது. நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா?

அப்படி வாய் வராமல் போனால், மேடையில் சொல்லிவிட்டேன் என்று என்னிடம் பொய் சொல்லாதே. நேராக வீட்டுக்கு வா. நான் ஒன்றும் கேட்க மாட்டேன், சோறு போடுகிறேன். நன்றாக இரு, தம்பி.

உன் அக்கா